பதினொரு மணிவரைக்கும் கேள்வி

பேனை மூடியைத் திறந்து, வீட்டுப் பத்திரத்தின் முதல் பக்க அடியில் ஞானசுந்தரம் குனிந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மனைவி புஷ்பவதி.

"கையெழுத்துப் போட்டிட்டீங்களோ?"

"இப்பதான் போடப்போறன்."

"ஐயோ, போடாதேங்கோ! ராகுகாலம் நடக்குது. பதினொரு மணிக்குப் பிறகுதான் பேனையைத் தொடவேணும்."

"இப்ப பத்து மணியெல்லோ? நொத்தாரிஸ் முன்னுக்கு இருக்கிறா, வீட்டுக்காரர் இருக்கினம். நான் என்ன செய்யிறது?"

"எதையாவது கேட்டுக்கொண்டிருங்கோ. ராகுகாலம் எண்டு மட்டும் வாய் திறந்திடாதேங்கோ. அதுகள் வேதக்காரச் சனம், சிரிக்குங்கள். இஞ்சை பிள்ளையள் அழுகுதுகள், வைக்கிறன்."

அழுதது ஊரார் பிள்ளைகள். புஷ்பவதிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. லீவு கிடைக்காததால், தன் பங்குக் கையெழுத்தையும் போடும்படி கணவருக்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதிக் கொடுத்திருந்தாள்.

கேள்வி கேட்பது என்பது ஞானசுந்தரத்தின் சுபாவத்திலேயே இல்லாத சங்கதி. யாராவது ஒரு தாளை நீட்டி விரலால் ஓர் இடத்தைக் காட்டினால் போதும், கையெழுத்தும் போட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவார். அப்படித்தான் வீட்டுக்கு மூன்று தூசு உறிஞ்சும் மெஷின்கள் வந்து சேர்ந்தன. தூண்டிலைக் கையால் தொட்டறியாத மனிதர், ஒரு மீன்பிடிச் சங்கத்தில் ஆயுள் அங்கத்தவராகவும் இருந்தார்.

ராகுகாலம், எமகண்டம் எல்லாம் புஷ்பவதியின் இலாகா. அவர் தலையிடுவதில்லை. வாங்கப்போவது இல்-பிசார் என்ற இடத்தில் ஒரு தனி வீடு. இப்போது இருக்கும் கோட்-டெ-நேஜ் வாடகை அப்பார்ட்மெண்டில் மேல்வீட்டுக்காரனின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தேடிப் பிடித்த வீடு. அப்பார்ட்மெண்டை விடுவதாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஜூலை முதலாம் திகதி அங்கே வேறு குடும்பம் வருகிறது. இந்த வீடு தவறினால் கட்டில், அலுமாரி, மூன்று மெஷின்கள் சகிதம் நடுத்தெருவில்தான் நிற்கவேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் வீட்டை விற்கும் றெனோல்டும் அவர் மனைவி அக்னெசும் இருந்தார்கள். மட்டக்களப்புக் கிறிஸ்தவர்கள். பத்திரம் எழுதும் நொத்தாரிஸ் மேடம் கன்யோனுக்குப் பிரெஞ்சும் இங்கிலீஷும்தான். அவருடைய செயலாளர் பிரஷாந்தினி பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞானசுந்தரம் பேனையை மூடினார். தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, எனக்கொரு கேள்வி. இந்த... வளவின்ர எல்லையெல்லாம் சரியோ?"

பிரஷாந்தினி மொழிபெயர்த்தாள். மேடம் சந்தோஷமாக நில அளவைப் படத்தை விரித்தார். பார்த்தவரின் புருவம் மெல்ல உயர்ந்தது.

"அங்கிள், பின்பக்க வேலி ஒரு முழம் பக்கத்து வளவுக்குள்ளை நிக்குதாம்."

ஞானசுந்தரம் நேரத்தைக் கடத்தத்தான் கேட்டார். ஆனால் வேலி என்றதும் யாழ்ப்பாணத்து ரத்தம் தன்பாட்டில் சூடேறிவிட்டது.

"வேலி தள்ளி நிக்குதோ! எந்தப் பக்கம்? ஆர் போட்டது?"

"நான்தான் போட்ட. பக்கத்து வீட்டு மனிசி ஒண்ணும் சொல்லல்ல" என்றார் றெனோல்ட். "ஒரு முழம் வேலிக்கு ஏன் அண்ணன் இப்பிடித் துள்றீங்க?"

பத்திரத்தில் வேலியைப் பற்றி ஒரு பந்தி சேர்க்கவேண்டும் என்றார் மேடம். பிரஷாந்தினி கணினியில் அதை ஆறுதலாக அடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த ஞானசுந்தரத்துக்கு மகிழ்ச்சி பொங்கியது. வேலி நல்ல உபகாரம் செய்திருந்தது.

ஆனால் பதினொரு மணி இன்னும் தூரத்தில் இருந்தது.

"சுடுதண்ணித் தாங்கி வீட்டோடைதானே வரும்?" என்றார், சும்மா.

அக்னெஸ் கணவரைப் பார்த்தார். கணவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அது வாடகைத் தாங்கி" என்றார் அக்னெஸ். "மாசாமாசம் கட்ட வேணும்."

இன்னொரு பந்தி. வரி பற்றிக் கேட்டார். வீடு வாங்குகிறவர் நகரசபைக்குக் கட்டவேண்டிய ஒரு வரி உண்டு என்றும், சனங்கள் அதை வரவேற்பு வரி என்றுதான் சொல்வார்கள் என்றும் பதில் வந்தது.

"வரவேற்கிறதுக்கு நாங்களோ காசு குடுக்கிறது?"

"ஓம் அங்கிள். பில் பேந்து தபாலிலை வரும்."

இது உண்மையான அதிர்ச்சி. அதிலிருந்து மீள அவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, அடுத்ததாக, இப்போது கண்ணுக்குத் தெரியாத பழுது ஏதும் பிறகு வெளிப்பட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

றெனோல்ட் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

"என்ன, நான் ஓட்டை வீட்டையா விக்கிறன்? வீடு பாக்க வந்த நேரம் வாயே திறக்கல்ல. இஞ்ச வந்து விசாரணை நடத்துறீங்க! இன்னொருத்தர் ரெண்டு தரம் போன் பண்ணி இரிக்கார். விருப்பமில்லாட்டிச் சொல்லுங்க, நாங்க எழும்புறம்."

ஞானசுந்தரத்துக்கு வியர்த்தது. போட்டால் ராகுகாலம், போடாவிட்டால் நடுத்தெரு. கண்ணுக்குள் மூன்று மெஷின்களும் வரிசையாக வந்து நின்றன. இனி ஒரேயொரு கேள்விதான், அதுவும் யாருக்கும் கோபம் வராத கேள்வியாகப் பார்த்துக் கேட்கவேண்டும் என்று தீர்மானித்தார்.

"கோவிக்காதேங்கோ. கடைசியா ஒண்டு. நாங்கள் திறப்பை வாங்கேக்கை வீடு வெறுமையாத்தானே இருக்கும்?"

அக்னெஸ் கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

"கீழ கிருபானந்தன் இரிக்கான்" என்றார். "என்ட தம்பி."

ஞானசுந்தரத்துக்கு நினைவு வந்தது. வீடு பார்க்கப் போன அன்று நிலக்கீழ் அறையில் ஒருவர் சாரத்தோடு சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹலோ" என்றார். இவரும் "ஹலோ" என்றுவிட்டு, சோபா நல்ல சோபா என்று நினைத்தபடி மேலே வந்துவிட்டார்.

"விருந்தாளி எண்டெல்லோ நினைச்சன்!"

"வாடகைக்கு இரிக்கான். ஒப்பந்தமும் எழுதியிரிக்கு."

பிரஷாந்தினி இதை மொழிபெயர்த்ததும் மேடம் கன்யோன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வெகுநேரம் பேசினார்.

"அங்கிள், வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் முறியாதாம். கையெழுத்துப் போட்டிருந்தா, வீட்டோடை அவரும் உங்களுக்குத்தான். இதை முதலே சொல்லாதது பெரிய பிழையாம்."

ஞானசுந்தரம் வாழ்க்கையில் முதல்தடவையாக மேசையில் தட்டினார். "அவர் போறதெண்டு எழுதித் தராமல் நான் பேனையைத் திறக்கமாட்டன்!" தன் குரலைக் கேட்டு அவரே பயந்துபோனார்.

அக்னெஸ் தம்பிக்குப் போன் போட்டுக் கொஞ்ச நேரம் கதைத்தார். வைத்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"அவனுக்குச் சம்மதமாம். போனிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்புவானாம். எங்கட புதுவீட்டுக்கு எங்களோடயே வாறானாம்."

றெனோல்ட் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான் வீட்டை விக்கிறதே அவனிட்ட இரிந்து தப்பத்தான்!" என்றார், ஒருவரையும் பார்க்காமல்.

கிருபானந்தனின் கையெழுத்து வந்தது. பந்திகள் எல்லாம் சேர்ந்தன. கடிகாரம் பதினொன்றைத் தாண்டியது. ஞானசுந்தரம் பேனையைத் திறந்து, பிள்ளையாரை நினைத்து, பக்கம் பக்கமாகத் தன் பெயரை ஒரு தடவையும் புஷ்பவதிக்காக இன்னொரு தடவையும் போட்டு முடித்தார். வீடு அவர்களுடையதாயிற்று. வேலி, தாங்கி, வரவேற்பு வரி எல்லாம் உண்டு; கிருபானந்தன் மட்டும் இல்லை. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியது.

றெனோல்டும் அக்னெசும் போனபிறகு, பிரஷாந்தினி பிரதிகளை ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஞானசுந்தரத்தால் அடக்கமுடியவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லாதை. எனக்கு இந்தச் சட்டம் கிட்டம் ஒண்டும் தெரியாது. பதினொரு மணிவரைக்கும் ராகுகாலம். அதைக் கடத்தத்தான் வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டனான். இண்டைக்கு என்னைக் காப்பாத்தினது ராகுகாலம்தான்!"

பிரஷாந்தினி சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"இண்டைக்கு வியாழக்கிழமை அங்கிள், ராகுகாலம் மத்தியானத்துக்குப் பிறகுதான், புஷ்பவதி அன்ரி நேற்றே எனக்குப் போன் எடுத்து, 'ஒண்டும் கேக்காமல் கையெழுத்துப் போடுற மனுசனை நாளைக்கு ஒரு மணித்தியாலம் கேள்வி கேக்க வைக்கப்போறன், நீ ஆறுதலா மொழிபெயர் பிள்ளை' எண்டு சொன்னவ."