சம்பந்தியின் தூண்டில்கழி ஒடிந்த விவரம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாளும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலியும், மாப்பிள்ளையின் புது வேலையும், எங்கள் பெண்ணின் சமையலும் ஒரு நிலைக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன். இப்படியே எல்லாரையும் விசாரித்துக்கொண்டு போய் நடுவில் விஷயத்தை நுழைத்துவிடலாம் என்று மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் தூண்டில்கழி ஒடிந்துவிட்டது. ஒடித்தவன் நான். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் ஊரில் கடல் இல்லை, எங்கள் தெருமுனையிலேயே கடல்பாலம் இருக்கிறது என்பதால் அந்தக் கழி ஆறு வருஷமாக எங்கள் படுக்கையறை மூலையில் கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறது. மாதத்தின் முதல் வாரம் நீங்கள் வருவீர்கள். பாலத்தில் நின்று, இரைக்குப் பதிலாக முள்ளோடு கட்டிய பொம்மை மீனை வீசுவீர்கள். நான் வாளியும் பிளாஸ்க்கும் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பேன். இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட "நீங்களும் ஒண்ணு வீசிப் பாருங்களேன்" என்று நீங்கள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பெண்ணைக் கொடுத்தவன் கழியையும் கேட்டால் நன்றாகவா இருக்கும்? ஆனால் போன புதன்கிழமை உங்கள் சம்பந்தியம்மாள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள், நானும் கழியும் தனியாக இருந்தோம். துடைத்து வைக்கலாம் என்றுதான் எடுத்தேன், சத்தியமாக. நடுவில் சுற்றியிருந்த கறுப்பு நாடா தூசியும் பசையுமாகப் பிசுபிசுத்தது, பார்க்கச் சகிக்கவில்லை, பிய்த்து எறிந்தேன். துடைத்ததும் கழி பளபளவென்று ஆகிவிட்டது. அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் புத்தி கெட்டுப்போய்விட்டது.

முதல் வீச்சில் பொம்மை மீன் பாலத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அதைக் கழற்றிவிட்டு, நீங்கள் செய்வதுபோலவே இடுப்பை ஒடித்து, பல்லைக் கடித்து, இரண்டாவது வீச்சு வீசினேன். பொம்மை மீன் பறந்தது. அதன் பின்னாலேயே கழியின் மேல்பாதியும் பறந்தது. கழியின் வளையங்களுக்குள் நூல் கோத்திருந்ததால் ஓடிப்போகவில்லை, தண்ணீரில் விழுந்து தொங்கியதை நூலைச் சுற்றி மேலே எடுத்தேன். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நின்று கேட்க எனக்கு முகமில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மேடுபள்ளமே இல்லாமல் கத்தரித்தாற்போல் ஒடிந்திருக்கிறது. நல்ல பொருள் உடைந்தாலும் ஒழுங்காக உடைகிறது என்று உங்கள் தேர்வை மெச்சிக்கொண்டே இரண்டு துண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் சொல்வதாகவே முதலில் உத்தேசமில்லை. அதே மாதிரி ஒரு மொட்டைக் கழி வாங்கி, அதில் உங்கள் பழைய வளையங்களையும் பிடியையும் ஏற்றி, அதே மூலையில் நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று திட்டம் போட்டேன். மூன்று நாள் வெந்நீரும் பிளேடுமாக உட்கார்ந்து ஒன்பது வளையங்களையும் பிடியையும் உரித்தெடுத்தேன். விரல் நுனியெல்லாம் போய்விட்டது. பையில் போட்டுக்கொண்டு பாலத்தடிக் கடைக்குப் போனேன். அங்கே பீப்பாய்க்குள் விளக்குமாற்றுக் குச்சிகள் மாதிரி மொட்டைக் கழிகள் நிற்கின்றன. ஒன்றை உருவினேன். "20–60 கிராம்" என்று அச்சடித்திருந்தது. முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் கண்ணில் கிராம் என்ற எழுத்து பட்டால் கை சும்மா இருக்குமா? பையிலிருந்த தராசை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு. எடையைக் குறைத்து விற்பவர்கள் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன், எடையைக் கூட்டி விற்கும் மோசடியை அன்றுதான் பார்த்தேன். கடைக்காரரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டேன். அவர் கழியையும் தராசையும் என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார்.

"சார், அது கழியோட எடை இல்ல. அது தாங்கி வீசுற பொம்மை மீனோட எடை" என்றார்.

அதற்குப் பிறகு என்னை அவர் குழந்தை மாதிரித்தான் நடத்தினார். எங்கிருந்து வீசுவேன், எதை வீசுவேன், எதைத் தூக்குவேன் என்று கேட்டார். பாலம் தண்ணீருக்கு மேலே மூன்று ஆள் உயரம், ஆகவே குட்டைக் கழி என்றால் நூல் கைப்பிடிக் கம்பியில் உரசுமாம். ரொம்ப நெட்டை என்றால் பின்னால் போகிறவர் தொப்பி நமக்கு வந்துவிடுமாம். நுனி சட்டென்று வளைய வேண்டும், அப்போதுதான் பொம்மை மீன் தூரம் போகும். அடிப்பாகம் வளையாமல் நிற்க வேண்டும், அப்போதுதான் மாட்டிய மீனை அவ்வளவு உயரம் தூக்க முடியும். இதெல்லாம் கையால் வளைத்துப் பார்த்துச் சொல்கிற விஷயமா? மறுநாள் என் பழைய படிக்கற்களைக் கொண்டுபோய், ஒவ்வொரு கழியின் நுனியிலும் கட்டித் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று சுவரில் சாக்குக் கட்டியால் குறித்தேன். பதினெட்டுக் கழி. கடைக்காரர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார், மத்தியானத்துக்குப் பிறகு அவரே படிக்கல் எடுத்துக் கொடுத்தார். உங்கள் நீலப் பொம்மை மீன் இருபத்தெட்டு கிராம் என்பது எனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்பே நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது எடை போட்டு வைத்திருந்தேன். அதற்குத் தோதாக எட்டரை அடியில், பதினைந்து முதல் நாற்பது கிராம் வீசுகிற கழி ஒன்று தேறியது.

"ஒத்தைத் துண்டா வேணுமா, ரெண்டு துண்டாவா?" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. "ரெண்டு துண்டா ஏற்கெனவே ஒண்ணு வீட்டுல இருக்கு" என்றேன்.

"அதைக் கொண்டாங்களேன், பார்ப்போம்" என்றார். கொண்டுபோனால் உங்கள் கழி என்று அவருக்குத் தெரிந்துவிடுமே, அதனால் மழுப்பிவிட்டேன்.

நேற்று ஒத்தைத் துண்டுக் கழியிலேயே உங்கள் வளையங்களையும் பிடியையும் பொருத்திக் கொடுத்தார். சரிபார்க்க வேண்டுமே என்று பாலத்தில் நின்று ஒரே ஒரு வீச்சு வீசினேன். சம்பந்தி, பொம்மை மீன் போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இதைத்தான் நீங்கள் ஆறு வருஷமாகத் தனியாக அனுபவித்துக்கொண்டிருந்தீர்களா? அந்த நிமிஷமே, இந்தச் சுகம் தெரிந்த மனிதரிடம் வேறு கழியைக் கொடுத்து ஏமாற்ற மனசு வராது என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் வருகிற அந்த ஒரு வாரத்துக்காக மிச்ச மூன்று வாரமும் நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன். கோபம் இருந்தால் வந்து திட்டுங்கள். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இனி ஆயுசுக்கும் கழியைத் தொட மாட்டேன், வாளியும் பிளாஸ்க்குமே எனக்குப் போதும்.

மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் முழங்காலுக்கு என் விசேஷ விசாரிப்பு.

இப்படிக்கு,
என்றும் உங்கள் வாளியைத் தூக்கும் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் சம்பந்தியம்மாள் கட்டிலுக்கு அடியில் கூட்டினாள். இரண்டு துண்டையும் வெளியே இழுத்து, ஒன்றை இன்னொன்றுக்குள் செருகி ஒரு திருகு திருகினாள். "இது ஒடியலைங்க, கழண்டிருக்கு. நம்ம ஒட்டடைக் கம்பும் இப்படித்தானே" என்றாள். கழி முழுசாக நின்றது, ஒரு விரிசல் இல்லை. அந்தக் கறுப்பு நாடா எதற்கு என்று இப்போது புரிகிறது. ஆகவே மேலே எழுதியதில் ஒடிந்துவிட்டது என்பதை அடித்துவிட்டுப் படியுங்கள். நல்ல கழியை மூன்று நாள் பாடுபட்டு மொட்டையடித்தேன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கொண்டு ஓடினேன். கடைக்காரர் சிரித்து முடித்த பிறகு, புது வளையங்களும் பிடியும் ஏற்றித் தருவதாகச் சொன்னார். "அப்போ அந்தப் புது ஒத்தைத் துண்டுக் கழி யாருக்கு?" என்று கேட்டார். எனக்கு என்று சொல்லிவிட்டேன். ஆயுசுக்கும் தொட மாட்டேன் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். வாளியை முறை வைத்துத் தூக்கலாம். வரும்போது கறுப்பு நாடா ஒரு சுருள் வாங்கி வாருங்கள்.