யூ-ஷின் தூங்கட்டும்

லியாவ் ஆறு மணிக்கு எழுந்தார். பல் துலக்கினார். முனைக் கடையில் இரண்டு முட்டை தோசையும் இரண்டு சோயாபாலும் வாங்கிவந்தார். தன் பங்கைச் சாப்பிட்டார்.

மகள் யூ-ஷின்னின் அறை சாத்தியிருந்தது. வழக்கமாகத் தட்டி எழுப்புவார். இன்று தட்டவில்லை.

நேற்று சாப்பிடும்போது அவள், "ஸ்கூல்ல மனசு ஓயறதுக்குன்னு தர்ற லீவை எடுக்கறேன்ப்பா. உங்க போன்ல சம்மதம்னு அமுக்கிடுங்க" என்றிருந்தாள். அம்மா இறந்து இரண்டு வருஷத்தில் அவள் கேட்ட முதல் லீவு. எதையும் படிக்காமல் அமுக்கினார்.

இன்று அவள் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

மேல்மாடி வீட்டில் தரை உடைக்கும் மெஷின் அலறியது. லியாவ் வெறுங்காலோடு ஓடினார்.

"மேஸ்திரி, பொண்ணு தூங்குது. நாளைக்கு வெச்சுக்கங்களேன்."

"நாளைக்குன்னா எல்லாத்தையும் ஒரே நாள்ல உடைக்கணும். இன்னும் ரெண்டு மெஷின் வேணும்."

"கொண்டாங்க, கொண்டாங்க."

கீழே வந்தால், தெருக்கோடிக் கோயிலில் மேளம். மேளக்காரர்களிடம் ஓடினார்.

"சாமி பொறந்தநாள் வருதுண்ணே. ஒத்திகை பார்க்காம எப்படி?"

"நாளைக்குப் பாருங்கப்பா."

"நாளைக்குப் பக்கத்து ஊர்க் கோஷ்டியும் வருமே. பட்டாசு வேற."

"வெடிங்க. நல்லா வெடிங்க. நாளைக்கு!"

மதியம் எதிர்வீட்டு சுயி அக்கா மைக்கைத் தட்டி, தொண்டையைச் செருமினாள். லியாவ் ஜன்னல் வழியே இடுப்பு ஒடியக் குனிந்தார்.

"பாவம், புள்ளைக்காகக் கேக்கறே. நாளைக்கே பாடறேன். என் சிநேகிதிங்க எட்டுப் பேரும் வருவாளுங்க. ஆனா ஸ்பீக்கரை உன் ஜன்னல்ல வெச்சாத்தான் எடுபடும்."

லியாவே தூக்கிவந்து, திரை போட்டிருந்த மகளின் ஜன்னலுக்கு வெளியே, சத்தமில்லாமல் வைத்தார்.

சாயங்காலம் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் விளக்குப் போடாமல், இருமலைத் தலையணைக்குள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் லியாவ். என்ன தூக்கம்! தூங்கட்டும். ஒரு வேலையையாவது உருப்படியாகச் செய்தாயிற்று.

வாசல் கதவு திறந்தது. சீருடையில், முதுகில் பையோடு யூ-ஷின்.

"ஏம்ப்பா இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

அவர் சாத்திய அறையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நீ... உள்ள தூங்கலையா?"

"இன்னிக்கு வகுப்பு பெருக்கற முறை எனக்கு. நீங்க கடைக்குப் போனப்பவே கிளம்பிட்டேன்." ஷூவைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். "லீவு நாளைக்குப்பா. நாள் பூரா தூங்கப்போறேன்."