தொள்ளாயிரத்து இருபது கிராம் சீர்

படப்பை
செவ்வாய்க்கிழமை, விளக்கு வைத்த பிறகு

அன்புத் தம்பி இசக்கிபாண்டிக்கு அக்கா கோமதி எழுதுவது. அம்பாள் புண்ணியத்தில் நானும் உன் அத்தானும் சுகப்பிரியாவும் நலம். நீயும் கலைமதியும் பிள்ளை கார்முகிலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஒரு திரி கூடுதலாகப் போட்டு விளக்கேற்றுகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, ஆறு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், நீ அனுப்பிய பெட்டி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மைக் செட் கடை வைத்த நாளிலிருந்து அடுத்தவர் பேசி நீ கேட்டதில்லை. வாட்ஸப்பில் போட்டால் கை தவறிக் குடும்ப குரூப்புக்குப் போய்விடும், சித்தி பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வந்து இறங்கி "எங்கக்கா என் சீரு?" என்று நீ கேட்பதற்குள் கையில் கிடைத்துவிட வேண்டுமென்று நாளைக்கே கூரியரில் போடப்போகிறேன்.

விஷயம் இதுதான். சுகப்பிரியா ஒரகடத்தில் கம்பெனி லைனில் நிற்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அவளாகவே கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் டிராயிங்கைப் பார்த்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மோல்டு கம்பெனிக்காரர்கள் பரீட்சை வைத்திருக்கிறார்கள். அடுத்த புதன்கிழமைக்குள் ஒரு டிராயிங் முடித்து அனுப்பினால், வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை. இல்லையென்றால் அதே லைன், அதே நிற்பு, வந்ததும் வெந்நீரில் கால். இதற்காகப் பதினான்கு மாதம் ஓவர்டைம் பார்த்து கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்தாள். கிராபிக்ஸ் கார்டு வந்த அன்று அதைத் தொட்டிலில் போடாத குறை. முன்பிருந்த பழைய கம்ப்யூட்டர் புரட்டாசி சனிக்கிழமை, நான் தளிகை போட்டுக்கொண்டிருக்கும்போது டப்பென்று வெடித்து, வரைந்து வைத்ததெல்லாம் புகையாகப் போனது ஞாபகம் இருக்கும். வெடித்தது எது? பவர் சப்ளை. சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அளந்து பரிமாறுகிற பெட்டி அதுதான். பரிமாறுகிறவள் கை நடுங்கினால் பந்தியே கெட்டது. அதனால் இந்த முறை, "மற்றதை நீ பார், பவர் சப்ளையை அம்மாவிடம் விடு" என்று நான்தான் பொறுப்பேற்றேன்.

சும்மா ஏற்கவில்லை. பத்து நாள் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு யூடியூப் பார்த்து, மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் வாட்ஸ் கணக்கு எழுதினேன். ப்ராசஸர் நூற்றைந்து, கிராபிக்ஸ் கார்டு இருநூறு, ஃபேன் அது இது என்று ஒரு எழுபத்தைந்து, ஆக மொத்தம் முந்நூற்றெண்பது. அளவாகப் பொங்கினால் வாசலில் விருந்தாளி நிற்கும்போது கையைப் பிசைய வேண்டுமே, அதனால் மேலே ஒரு பாதி கூட்டினேன், ஐந்நூற்றெழுபது. அறுநூற்றைம்பது வாட்ஸ் பெட்டி போதும், ஆனால் அது மெய்யான அறுநூற்றைம்பதாக இருக்க வேண்டும். அதற்கு லேபிளில் பன்னிரண்டு வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் தெரிந்துகொண்டு கடைக்குக் கிளம்பச் செருப்பைப் போட்டால், உன் போன்.

"அக்கா, அந்தப் பெட்டிய நீ வாங்கப்பிடாது. தாய்மாமன் நான் இருக்கேன்லா? அந்தக் கம்ப்யூட்டருக்குக் காது குத்தினாலும் என் மடியில வச்சுத்தான் குத்தணும். ஆயிரம் வாட்ஸ் அனுப்புதேன், அசந்துருவ!"

ஆயிரம் என்றதும் போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தம்பி, தப்பாக நினைக்காதே, உன் கடையில் கோயில் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கும் ஆயிரம் என்றுதான் எழுதி வைத்திருக்கிறாய். ஆம்னி பஸ்ஸில் பார்சல் வந்தது. கடை அட்டைப்பெட்டி இல்லை. பட்டுத்துணி சுற்றி, தாம்பாளத்தில் தேங்காய், மஞ்சள், வெற்றிலை பாக்கு, நடுவில் ஐந்து கலரில் லைட் எரியுமென்று நீ சீட்டெழுதி ஒட்டிய பவர் சப்ளை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியே பூஜை அலமாரியில் வைத்து, நல்லதாக நாலு விரல் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். எந்திரிக்கும்போதுதான் பார்க்கிறேன், சந்தனம் பூசினது முழுக்க லேபிள் மேலே. வாட்ஸும் தெரியவில்லை, ஆம்பியரும் தெரியவில்லை. சாமிக்கு முன்னால் வைத்த சந்தனத்தைத் துடைக்க மனசு வரவில்லை, கரண்ட் சாமானில் தண்ணீர் விடவும் பயம்.

லேபிள் போனால் என்ன, எடை இருக்கிறதே. நல்ல பெட்டியென்றால் உள்ளே செம்பும் அலுமினியமும் நிறைய இருக்கும், கனக்கும், மட்டமானது லேசாக இருக்கும் என்று கேட்டிருக்கிறேன். அப்போது அடுப்படியில் முறுக்கு மாவு நிறுத்துக்கொண்டிருந்தேன். தூக்குவாளியை இறக்கிவிட்டு, அந்தச் சூட்டோடு உன் பெட்டியை எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். தொள்ளாயிரத்து இருபது கிராம். தூக்கும்போது கைக்கு என்னவோ கனமாகத்தான் பட்டது. பாசத்தில் கை அப்படித்தான் சொல்லும், தராசுக்குத் தம்பியும் கிடையாது தாய்மாமனும் கிடையாது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ஜோயல் இருங்காட்டுக்கோட்டையில் டெஸ்டிங் லைனில் இருக்கிறான். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினவனை மதில் ஓரமாக நிறுத்திக் கேட்டேன்.

"இன்னாக்கா, தொள்ளாயிரத்து இருபதா? நல்ல பெட்டின்னா ஒன்றரை கிலோவாச்சும் இருக்கணும். அதுல காத்துதான் கீது. எங்க லைன்ல வந்தா தொடாமலே ரிஜெக்ட்டு!"

அவ்வளவுதான். காற்றைப் போய் பெண்ணின் பதினான்கு மாத உழைப்பில் எப்படி மாட்டுவேன்? மாட்டவில்லையென்றால் கூடப்பிறந்தவன் சீரைத் தள்ளினவள் ஆவேன். சுகப்பிரியாவிடம் மாமன் சீர் மட்டம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. உன் அத்தானிடம் அழுதேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "உள்ள நீ வேற பெட்டி வாங்கி மாட்டு. அவன் பெட்டிய மேல வச்சு லைட்ட மட்டும் எரியவிடு. உன் தம்பி லைட்டத்தான் பாப்பான்."

எனக்கு ஏமாற்ற வராது, தம்பி. ஆனாலும் நேற்று ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போய், ரகு என்பவர் கடையில் ஏறி, "பன்னிரண்டு வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஊட்ல யாரும்மா இன்ஜினியரு?" என்றார். நான்தான் என்றேன். ஐம்பத்து நான்கு ஆம்பியர் உள்ள அறுநூற்றைம்பது வாட்ஸ் பெட்டியைக் கொடுத்து, "இந்த சீல் மேல மட்டும் எதுவும் படாம பாத்துக்கங்க, பட்டா வாரண்டி இல்ல, திருப்பியும் எடுக்க மாட்டோம்" என்றார். வீட்டுக்கு வந்து நிறுத்தேன், ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. நிம்மதியில் அதையும் அம்மன் முன்னால் வைத்து, இந்த முறை லேபிளை விட்டுவிட்டு, தோதாக வட்டமாக வெள்ளையாக இருந்த இடத்தில் குங்குமம் வைத்தேன். அதுதான் சீல்.

நாளைக்கு ராகுகாலத்துக்கு முன்னால், பத்தரை மணிக்கு, அந்தப் பெட்டியைத்தான் மாட்டப்போகிறோம். நீ வந்து கோபப்பட்டால் படு. சாப்பிடமாட்டேன் என்று சொல்லாதே, கலைமதிக்குப் பிடித்த உளுந்தங்களி கிண்டுகிறேன். உன் பெட்டி பூஜை அலமாரியிலேயே இருக்கும், வெள்ளி செவ்வாய்க்குப் பூ வைப்பேன். ஏமாந்து வாங்கினது உன் குற்றமில்லை, உனக்கு விற்றவன் குற்றம். அவன் நன்றாக இருக்கட்டும். இனிமேலாவது எதையும் நிறுத்துப் பார்த்து வாங்கு. அக்கா மாதிரி.

உன் கடைக்கு முகூர்த்தமும் கோயில் கொடையும் குறையாமல் வர, பிள்ளை படித்து ஆளாக, கலைமதி தாலிபாக்கியத்தோடு நீடூழி வாழ அம்மன் துணை நிற்பாள்.

இப்படிக்கு,
என்றும் உன் நன்மையையே நினைக்கும் அக்கா,
கோமதியம்மாள்

பி.கு.: புதன்கிழமை, மத்தியானம். தம்பி, மேலே எழுதியது எதையும் படிக்காதே. காலையில் கடிதத்தை ஒட்டுவதற்குள் சுகப்பிரியா எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "அம்மா, தூக்குவாளிய தராசுல வச்சு சைபர் பண்ணிட்டுத்தானே மாவு அளந்த? வாளிய எடுத்துட்டு, மறுபடி சைபர் பண்ணாமயே மாமா பெட்டிய வச்சியா?" என்றாள். வைத்தேன். வெறும் வாளியை நிறுத்தாள், எழுநூற்று இருபது. அவ்வளவையும் தராசு உன் பெட்டியில் கழித்துக்கொண்டிருக்கிறது. பிறகு உன் பெட்டியை நிறுத்தாள், ஆயிரத்து அறுநூற்று நாற்பது. நான் வாங்கியதைவிட ஐம்பது கிராம் கூட. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சந்தனத்தை எடுத்தால், எழுநூற்றைம்பது வாட்ஸ், அறுபத்திரண்டு ஆம்பியர், தரத்துக்குக் கோல்டு முத்திரை. ஆயிரம் இல்லை, அது மட்டும் நீ சொன்ன பொய். ஜோயல் மதிலேறி வந்து தூக்கிப் பார்த்து, "இது உங்க பெட்டிய வுட நல்ல சரக்குக்கா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். குறித்த பத்தரைக்கே மாட்டியாயிற்று. உன் பெட்டியைத்தான். பதினொரு மணிக்கு வோல்டேஜ் இறங்கி டியூப் லைட் அணைந்தது, கம்ப்யூட்டர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிள்ளை டிராயிங் ஆரம்பித்துவிட்டாள். கடிதத்தைக் கிழிக்கிறேன் என்றேன், "மாமா படிக்கட்டும்" என்று அவளே கூரியருக்கு எடுத்துப் போகிறாள். நான் வாங்கிய பெட்டியைச் சீலில் குங்குமத்தோடு ரகு திருப்பி எடுக்கமாட்டார். அது கார்முகிலுக்கு அத்தை சீர், தாம்பாளத்தில் வைத்து, தேங்காய் பழத்தோடு தயாராக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்து கையால் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொள். தராசைக் கேட்காதே, அதைப் பரணில் போட்டுவிட்டேன்.