சிவப்பா நீலமா, நீங்களே சொல்லுங்க

யோசனை கேட்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. போன வாரம்கூட ஒருவர் உங்களை நடைபாதையில் மடக்கியிருப்பார். வீட்டுக்கு என்ன வண்ணம் அடிக்கலாம், பெண்ணை எந்தப் படிப்பில் சேர்க்கலாம், முழங்கால் வலிக்கு யாரிடம் போகலாம் என்று குரலில் அத்தனை பணிவோடு கேட்டிருப்பார். நம்மையும் ஓர் ஆளாக மதித்துக் கேட்கிறாரே என்று நீங்களும் மனம் குளிர்ந்துபோய், நெற்றியைத் தடவி, கால் மணி நேரம் யோசித்து ஒரு பதிலைச் சொல்லியிருப்பீர்கள். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம், அந்தப் பதில் ஏன் தப்பு என்று அவர் உங்களுக்கு விளக்கியிருப்பார். அப்படியானால் எதற்குக் கேட்டார்? அது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இந்த இனத்தை அதன் முழு வளர்ச்சியில் பார்க்க ஆசையிருந்தால் ஒரு பல் டாக்டரைச் சொல்லலாம். வயது ஐம்பத்து நான்கு. இருபத்தாறு வருஷமாக ஊரார் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருப்பவர். தங்கமான கை, ஊசி போட்டதே தெரியாது. பெண் படித்து முடித்து வெளியூரில் வேலைக்குப் போய்விட்டாள். வீடு சொந்தமாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்த காலம் (பல் டாக்டர் விஷயத்தில் இப்படிச் சொல்லக் கூடாதுதான்) ஒருவழியாக முடிந்துவிட்டது. ஆகவே ஒரு நல்ல நாளில், கூரை திறக்கிற பந்தயக் கார் மாதிரி ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தார்.

தீர்மானித்தார் என்றா சொன்னேன்? தப்பு. கேட்க ஆரம்பித்தார்.

உலகத்தில் கூரை திறக்கும் கார்கள் எத்தனையோ இருக்கின்றன. அத்தனையையும் அலசிக் கழித்துவிட்டுக் கடைசியில் இரண்டில் வந்து நின்றார். இரண்டும் இத்தாலியில் செய்தவை. சிவப்புக் காருக்கு உலோகக் கூரை. பொத்தானை அழுத்தினால் பதினாலே வினாடியில் மடிந்துபோய்ப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கார் தரையோடு தரையாகக் கிடக்கும், உள்ளே இரண்டே இரண்டு பேர், கிளப்பினால் தெருக்கோடி வரை ஜன்னல் கண்ணாடி அதிரும். நீலக் காருக்குத் துணிக் கூரை. கொஞ்சம் உயரம். நாலு பேர் உட்காரலாம் என்பார்கள்; பின்னால் உட்காருகிற இருவருக்குக் கால் இல்லாமல் இருந்தால் நல்லது. சத்தம்? நல்ல சாரீரம் உள்ள பாடகர் மேடையேறுமுன் தொண்டையைச் செருமுவது போல இருக்கும்.

டாக்டருக்கு நீலம்தான் பிடித்திருந்தது. முதல் நாளே பிடித்துவிட்டது. ஆனால் இந்த இனத்துக்குப் பிடித்தால் மட்டும் போதாது. இன்னொருவர் வாயிலிருந்து அது வர வேண்டும்.

வாய்களுக்கா அவரிடம் பஞ்சம்? காலையிலிருந்து மாலை வரை நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி ஒருவர் மாற்றி ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள். கன்னத்துக்குள் பஞ்சு, நாக்கின் மேல் கண்ணாடி, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய், பாதி முகம் மரத்துப்போன நிலை. அப்போதுதான் கேள்வி வரும்.

"சார், ஒரு சின்ன யோசனை. சிவப்பா நீலமா, நீங்களே சொல்லுங்க."

"ஆ... ங்ங்..."

"பாத்தீங்களா! நீங்களும் நீலம்னுதான் சொல்றீங்க."

வாய் கொப்பளித்து நிமிர்ந்த வங்கி மேலாளர் நேர்மையான மனிதர். "இல்ல டாக்டர், நான் சிவப்புன்னு சொன்னேன்" என்றார்.

"வாயைத் திறங்க" என்றார் டாக்டர். அன்றைக்கு மேலாளரின், சுத்தம் தேவைப்படாத இரண்டு பற்களும் சுத்தமாகின.

சிவப்பு என்றால்தான் வம்பு, நீலம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? அப்படி நினைத்துதான் ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார். கேள்வி முடிவதற்குள் "நீலம்" என்றுவிட்டார்.

டாக்டரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. மறுகணம் சுருங்கியது. "ஏன் இவ்வளவு சீக்கிரமா சொல்றீங்க?"

"நீங்கதானே கேட்டீங்க?"

"கேட்டேன். ஆனா யோசிக்காம சொல்ற மாதிரி இருக்கே. சிவப்புல என்ன குறை கண்டீங்க?"

அதற்கப்புறம் இரண்டு நாள் டாக்டர் சிவப்பின் பக்கம் சாய்ந்திருந்தார்.

வரவேற்பில் இருந்த பெண் கெட்டிக்காரி. பல்வலியோடு வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதும்போதே தலையைக் குனிந்துகொண்டு, "உள்ள கார் பத்திக் கேப்பாரு. ரெண்டும் நல்லாருக்குன்னு சொல்லிடுங்க" என்று காதோடு சொல்லி அனுப்பினாள். ஓர் அம்மாள் அப்படியே சொன்னார். "ரெண்டும் நல்லாருக்குன்னு எனக்கே தெரியாதாம்மா?" என்று தொடங்கிய டாக்டர் முடிப்பதற்குள் ஊசியின் மரப்பே இறங்கிவிட்டது.

இரண்டு விற்பனைக் கூடத்திலும் டாக்டரின் முகம் பழகிப்போயிற்று. முதல் தடவை போனபோது பழரசம் கொடுத்தார்கள். நாலாம் தடவை தண்ணீர். ஏழாம் தடவை, உட்காரச் சொன்னதோடு சரி. பதினோராம் தடவை சிவப்புக் காரின் விற்பனைக்காரர் இவரைக் கண்ணாடி வழியே பார்த்ததும் காரின் மறுபக்கம் உட்கார்ந்து டயரைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒன்பது வாரத்தில் நாற்பத்தோரு பேரைக் கேட்டாகிவிட்டது. காவல்காரர், கடிதம் கொண்டுவருபவர், முடி வெட்டுகிறவர், தவறான எண்ணுக்குப் போன் செய்த யாரோ ஒருவர் உட்பட.

டாக்டருக்கு ஒரு நண்பர், கண் டாக்டர். கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஞாயிறு காலை பூங்காவில் குளத்தைச் சுற்றி இருவரும் சேர்ந்து நடப்பது முப்பது வருஷத்துப் பழக்கம். ஒன்பது ஞாயிறும் அந்தக் குளத்தைச் சுற்றிக் கார்தான் ஓடியது. பத்தாவது ஞாயிறு, துணிக் கூரையின் தையலைப் பற்றி டாக்டர் பேச ஆரம்பித்ததும், கண் டாக்டர் நடுப்பாதையில் நின்றுவிட்டார்.

"டேய், எதையாவது வாங்கித் தொலைடா!"

"யோசனை கேட்டா இப்படியா பேசுவே?"

"நீ யோசனை கேக்கலைடா. நீ எடுத்த முடிவுக்குக் கைதட்ட ஆள் தேடறே. கைதட்டினாலும் சந்தேகப்படறே. என்னால முடியாது. எனக்கு ரெண்டு காரும் ஒண்ணுதான், நாலு சக்கரம்!"

டாக்டருக்குச் சுருக்கென்றது. காரைச் சொன்னதால் அல்ல. சொன்னது உண்மையாக இருந்ததால். அங்கிருந்தே திரும்பி நடந்தார். அடுத்த ஞாயிறு வந்தார், ஆனால் எதிர்த்திசையில் சுற்றினார். வட்டமான பாதையில் எதிர்த்திசையில் சுற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை நேருக்கு நேர் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் இருவரும் குளத்து வாத்துகளை அக்கறையாகப் பார்த்துக்கொண்டு கடந்துபோனார்கள். முப்பது வருஷத்தில் அந்த நடை இவ்வளவு நீளமாக டாக்டருக்கு இருந்ததில்லை.

இத்தனை பேரைக் கேட்டவர், ஒருவரை மட்டும் கேட்கவில்லை. தம் மனைவியை.

அவர் மனைவி ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. எண்ணூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைப்பவர். அவரைக் கேட்டால் "எதுக்கு?" என்று ஒரே வார்த்தையில் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று டாக்டருக்குப் பயம். சிலிண்டர், குதிரைத்திறன், கூரை மடியும் வினாடி எல்லாவற்றுக்கும் டாக்டரிடம் பதில் இருந்தது. 'எதுக்கு' என்பதற்கு இல்லை.

ஆனால் விஷயம் தலைமை ஆசிரியைக்குத் தெரியாமலா இருக்கும்? பள்ளியில் பாதிப் பேருக்குப் பல் பார்ப்பது டாக்டர்தானே! ஒருநாள் விளையாட்டு ஆசிரியர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, "என்ன மேடம், சிவப்பா நீலமா, முடிவாயிடுச்சா?" என்றார்.

"பேசிட்டிருக்கோம்" என்று சிரித்தார் தலைமை ஆசிரியை. தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கார் வாங்குவதில் அவருக்கு வருத்தமில்லை. விளையாட்டு ஆசிரியரின் கடைவாய்ப் பல்லைக் கேட்டவர் தன்னைக் கேட்கவில்லையே!

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு விற்பனைக் கூடத்துக்கும் தனியாகப் போனார். சிவப்பில் ஏறுவது சுலபமாக இருந்தது, விழுந்தாலே போதும். இறங்குவதற்கு இரண்டு விற்பனைக்காரர்கள் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. இடுப்பு "ஐயோ" என்றது. நீலத்தில் ஏறினார். கூரையைத் திறந்து பெரிய சாலையில் ஒரு சுற்று ஓட்டினார். காற்று கொண்டையைக் கலைத்தது. எண்ணூறு பிள்ளைகளின் தலைமை ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த விற்பனைக்காரர் பயந்துபோய் இருக்கைப் பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

நீலம்தான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கணவரை அங்கே கொண்டுவந்து சேர்ப்பதும் அவருக்குப் பெரிய காரியமில்லை. திருமணமானதிலிருந்து அந்த வீட்டில் திரைச்சீலை முதல் பெண்ணின் கல்லூரி வரை எல்லாம் அவர் இஷ்டப்படிதான் நடந்திருக்கிறது. எப்படி? வேண்டாததைச் சொல்வார். டாக்டர் ஒரு மணி நேரம் வாதாடி, வேண்டியதை அவர் தலையில் கட்டிவிட்டு, ஜெயித்த களிப்பில் தூங்கப் போவார்.

இப்படி எதிர்த்திசையில் சுற்றி வாத்துகளைப் பார்த்துவிட்டு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் சாப்பாட்டு மேஜையில் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார். தலைமை ஆசிரியை அடுத்த பருவத்துக்கான பாட அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சிவப்பா, நீலமா?"

பென்சில் நின்றது. "ஊரையெல்லாம் கேட்டு முடிச்சாச்சா?"

"உன்னைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். நீ எதுக்குன்னு கேப்பியோன்னு பயம்."

"எதுக்கு?"

டாக்டர் மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார். "இருபத்தாறு வருஷமா குனிஞ்சே இருக்கேன். தலைக்கு மேல அந்த விளக்கைத் தவிர வேற எதையும் பாத்ததில்ல. கொஞ்சம் வானத்தைப் பாத்துட்டு எங்கேயாவது போகணும்னு தோணுச்சு." பிறகு, மெதுவாக, "உன்னோட."

தலைமை ஆசிரியை பென்சிலைக் கீழே வைத்தார். 'நீலம்' என்ற வார்த்தை நுனி நாக்கு வரை வந்தது. சொல்லிவிடலாமா? சொன்னால் சாயங்காலத்துக்குள் சிவப்பாகிவிடுமே! இத்தனை வருஷத்து அனுபவம் ஜெயித்தது.

"சிவப்பு" என்றார். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று பென்சிலை எடுத்து அட்டவணையைத் தொடர்ந்தார்.

வாதம் தொடங்கக் காணோம். நிமிர்ந்து பார்த்தார்.

"சரி" என்றார் டாக்டர்.

"என்ன சரி?"

"நீ சொன்னா சரி. சிவப்பே இருக்கட்டும்."

"இல்லீங்க... நீலத்துல நாலு பேர் உக்காரலாமே?"

"நாம ரெண்டு பேர்தானே?"

"துணிக் கூரைதான் அழகுன்னு..."

"அதெல்லாம் வேண்டாம். நாற்பத்தோரு பேர் சொன்னதை நான் கேக்கலை. உன் பேச்சைக் கேக்கறேன்."

டாக்டரின் கண் பளபளத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு யோசனையைக் கேட்டு அப்படியே எடுத்துக்கொண்ட மனிதரிடம், அது பொய் என்று எந்த மனைவியால் சொல்ல முடியும்? டாக்டர் உடனே போனை எடுத்தார். மறுமுனையில் விற்பனைக்காரர் மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்; அப்படியும் நம்பாமல் நேரிலேயே வந்துவிட்டார்.

சிவப்பு வந்தது. அடுத்த ஞாயிறு டாக்டர் அதைப் பூங்கா வாசலில் நிறுத்தினார். ஜன்னல்கள் அதிர்ந்தன, வாத்துகள் அக்கரைக்குப் பறந்தன. கண் டாக்டர் நின்று பார்த்தார். "உனக்கு நீலம்தானேடா ஆசை?"

"அவ சிவப்புன்னா."

"ஒரு ஆள் சொன்னதைக் கேட்டியா நீ?" கண் டாக்டர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நண்பரை இன்னொரு தடவை பார்த்தார். அன்றைக்கு இருவரும் ஒரே திசையில் நடந்தார்கள்.

மாலையில் மனைவியோடு முதல் சவாரி. மேலே வானம், பக்கத்தில் டாக்டர், இரண்டு தெருவுக்கு ஒரு வேகத்தடை. ஒவ்வொரு தடையிலும் தலைமை ஆசிரியை இடுப்பைப் பிடித்துக்கொண்டு புன்னகைத்தார்.

"நீ சொன்னதுதான் சரி" என்றார் டாக்டர், காற்றின் இரைச்சலை மீறிக் கத்தி. "உண்மையைச் சொன்னா, எனக்கு அந்த நீலம்தான் பிடிச்சிருந்தது!"

"அப்படியா?" என்றார் தலைமை ஆசிரியை. அடுத்த வேகத்தடைக்கு முன்பே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அவர் பாடுதான் திண்டாட்டம். முன்பெல்லாம் கணக்கு சுலபம்: எதைச் சொன்னாலும் நேர்மாறாக நடக்கும். இனி டாக்டர் எந்தத் தடவை வாதாடுவார், எந்தத் தடவை கேட்டுத் தொலைப்பார் என்று எப்படித் தெரியும்? விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகலாமா, மலைக்குப் போகலாமா என்று டாக்டர் கேட்டு ஒரு வாரமாகிறது. தலைமை ஆசிரியை இன்னும் பதில் சொல்லவில்லை. நேற்று விளையாட்டு ஆசிரியரைத் தனியே கூப்பிட்டு, "ஒரு சின்ன யோசனை. கடலா மலையா, நீங்களே சொல்லுங்க" என்றாராம். அவர் மலை என்றதும், "ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்று முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டாராம்.

ஆமாம், இது ஒட்டிக்கொள்ளும். நமக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அல்லது, எதற்கும் இருக்கட்டும் என்று, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்த்து, "நான் இந்த மாதிரி ஆளா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். ஆமாம் என்று அவர் சொல்லி நீங்கள் வாதாட ஆரம்பித்தால் விஷயம் தெளிவாகிவிடும். இல்லவே இல்லை என்று அவர் சட்டென்று சொல்லி, "ஏன் இவ்வளவு சீக்கிரமா சொல்றே?" என்று உங்களுக்குத் தோன்றினால், இன்னும் தெளிவு.