பெருங்காய வாளி

ஒரு முதலாளிக்குக் குப்பைமேல் திடீரென்று பாசம் பிறக்கிறதென்றால், புதுச்சரக்கின் விலை ஏறிவிட்டது என்று அர்த்தம். இதையே இப்போது கருத்தரங்குகளில் படம் போட்டு விளக்குகிறார்கள். நான் மானத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் ஜூரோங்கில் ஒரு வாளித் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். (வேலை நிரந்தரமாகவில்லை, கம்பீரத்துக்கு மட்டும் குறைவில்லை.) எண்ணெய் விலை எகிறியதில், வாளி வார்க்கும் பிளாஸ்டிக் குருணையின் விலையும் எகிறியது. முதலாளி திரு. டான் என்னைக் கூப்பிட்டு மலாயில் சொன்னார்: பழைய பிளாஸ்டிக்கை அரைத்து வாளி செய்து காட்டு, வேலை நிரந்தரம். முடியாவிட்டால் ஒரு ஷிஃப்டை மூடுவேன், முதலில் போகிறவன் நீ.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலையில்லாத மாப்பிள்ளையாக எப்படிப் போய் நிற்பது?

சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடைகளில் காலியான வெள்ளை டப்பாக்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் பெருங்காயத்தூள் வந்தவை. லாரியோடு போய் அள்ளி வந்தேன். பச்சைத்தண்ணீரில் ஒரு அலசு, அரைத்து, வார்த்து, முதல் வாளியை முகர்ந்தும் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. (தினம் ரசம் குடித்து வளர்ந்த மூக்கு வேறென்ன சொல்லும்?)

வாளி, மண்வெட்டி, கயிறு விற்கும் மாணிக்கம் அண்ணனைச் சரக்குப் பார்க்க வரவழைத்தார் முதலாளி. நான் பெருமையாக இயந்திரத்தை ஓட்டினேன். பிளாஸ்டிக் சூடேறியது. முதலாளி மூக்கை உறிஞ்சினார், முகம் வெளுத்தது.

“கேஸ்! கேஸ்!”

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவர் ஓட, பின்னாலேயே தொழிற்சாலை மொத்தமும் வெளியே ஓடியது. வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மாணிக்கம் அண்ணன், என் வாளிக்குள் தலையை விட்டார்.

“தம்பி, இது கேஸ் இல்ல லா. ரசம்!”

“கழுவினேன் அண்ணே...”

“இதுல குளிச்சா, துவட்டிட்டு நேரா இலையில போய் உக்கார வேண்டியதுதான்.”

அவர் மலாயில் விளக்க, அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. வேலை போயிற்று, பெண் வீட்டில் என்ன சொல்வது என்பதே நினைப்பாக இருந்தது.

மாணிக்கம் அண்ணன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். ஆள் நல்ல பருமன். வாளி அசையவில்லை.

“கெட்டியாத்தான் செஞ்சிருக்கே. கட்டட சைட்ல சிமெண்டு தூக்குறவனுக்கு வாசனை எதுக்கு? வெலய மட்டும் கொறைக்கச் சொல்லு, நான் எடுத்துக்கிறேன்.”

ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி மறு கையால் அவர் கையைக் குலுக்கினார் முதலாளி. மூடவிருந்த ஷிஃப்டை மூடவில்லை. வெந்நீர்த் தொட்டி வந்தது, சோப்பு வந்தது. அப்புறம் ஒரு துண்டு பிளாஸ்டிக்கைக்கூட அவர் வெளியே எறிய விடவில்லை. பழைய பிளாஸ்டிக் பிரிவுக்கு என்னையே பொறுப்பாக்கி, வேலையையும் நிரந்தரமாக்கினார். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

அந்த வாளிகளில் பெரும்பாதி, அப்போது எழும்பிக்கொண்டிருந்த புக்கிட் பாத்தோக் அடுக்குமாடிகளுக்குத்தான் போயின. கல்யாணமான பிறகு எங்களுக்கு வீடு கிடைத்ததும் அங்கேதான். இன்றும் வாசலில் நின்று யாராவது, “என்னக்கா, ரசமா?” என்று கேட்டால் போதும், இன்னும் அடுப்பே பற்றவைத்திராத என் மனைவி சொல்வாள்:

“இல்லம்மா, செவரு. எங்க வீட்டுக்காரர் வாளியில சிமெண்டு தூக்கிக் கட்டினது.”