மூன்று சிவப்பு மைகளும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்ததே சிவப்பு மைக்காகத்தான். இதை எந்தத் தலைமை ஆசிரியரிடமும் இதுவரை சொன்னதில்லை. பிள்ளைகள் நீலத்தில் எழுதியதன் மேல் சிவப்பில் கோடு போடும் உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? (ஆடிட்டருக்கு உண்டு. ஆனால் எனக்குக் கணக்கு வராது.)

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் உயிரியல் ஆசிரியராக இருந்தேன். விடைத்தாளும் திருத்த வேண்டும், இரத்தக் குழாய்களும் வரைய வேண்டும். திருத்துவதற்கு நன்றாக இருக்கும் மை, படத்தில் ரோஸ் பவுடர் பூசியது போல வெளிறும். படத்துக்கு ஏற்ற மை நிப்பில் கட்டிக்கொள்ளும். கடற்காற்றின் ஈரத்தில் சில மைகள் காயவே காயாது. என் சட்டைக் கையைப் பார்த்தவர்கள் கோழி அறுத்துவிட்டு வருகிறேன் என்றே நினைத்தார்கள்.

கடைக்கார அண்ணாச்சி மூன்று புட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளூர், ஒன்று மெட்ராஸ், ஒன்று கப்பலில் வந்தது.

"எது நல்லது அண்ணாச்சி?"

"மூணும் செவப்புதான சார். பிள்ளையளத் திட்டுததுக்கு எதுல எழுதினா என்ன?"

மூன்றையும் வாங்கி வந்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்கு ஊர் நாசரேத்து. அவளுடைய அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பத்திரிகை வாசகத்தைத் தன் கையால் எழுதி அனுப்பி, அச்சுக்குக் கொடுக்குமுன் பார்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். கெட்டியான, வழவழப்பான தாள். என்னிடம் இருந்த தாள்களோ மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். நல்ல மையை நல்ல தாளில்தானே சோதிக்க வேண்டும்? வாசகத்தை நகல் எடுத்து அனுப்பிக்கொள்ளலாம் என்று தாளின் பின்பக்கத்தைத் திருப்பினேன்.

பேனாவைச் சோதிக்க மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். என் கை, பழக்கதோஷத்தில், முதல் மையில் "10க்கு 2" என்று எழுதியது. இரண்டாவதில் "கவனம் போதாது. பெற்றோரை அழைத்து வரவும்." மூன்றாவதில் ஒரு தவளையின் இதயம் வரைந்தேன். காயட்டும் என்று மேசையிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மேசை காலி.

"ஏலே, சம்பந்தி கேட்ட தாள அனுப்பாமலே போட்டு வச்சிருந்தியே. நானே கவர்ல போட்டு தபால்ல சேத்துட்டேன்" என்றாள் அம்மா.

"பின்பக்கம் பாத்தியாம்மா?"

"செவப்புல என்னமோ கெடந்துச்சி. நீ திருத்தி முடிச்சிட்டேன்னு நெனச்சேன்." (கண்ணாடி போடாவிட்டால் அம்மாவுக்கு எழுத்தெல்லாம் எறும்பு.)

தபாலாபீசுக்கு ஓடினேன். பை போய்விட்டிருந்தது. மன்னிப்புக் கடிதத்தை நான்கு முறை எழுதி நான்கையும் கிழித்தேன். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை பெண்ணின் அப்பா, என் வருங்கால மாமா, வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், கைத்தடி ஊன்றிக்கொண்டு எண்பது வயதுப் பெரியவர் ஒருவர்.

மாமா முகத்தில் சிரிப்பே இல்லை. அந்தத் தாளை என்னிடம் நீட்டினார்.

"பெத்தவங்கள அழைச்சிட்டு வரச் சொல்லியிருந்திய மாப்பிள்ள. எங்கம்மா தவறிட்டாவ. அப்பாவ மட்டும் கூட்டிட்டு வந்திருக்கேன்."

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்து, நிஜமான கவலையோடு கேட்டார்: "எம்பய என்ன செஞ்சான் சார்?"

நான் அவசரமாக அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதற்கு மேல் மாமாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்து ஓய்ந்த பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"திருத்துததுக்கு ரெண்டாவது மைய வச்சிக்கிடுங்க. படத்துக்கு மூணாவது. மொதல் மை வேண்டாம். நெறமும் சரியில்ல, அதுல போட்ட மார்க்கும் எனக்குப் பிடிக்கல."

கல்யாணம் நடந்தது. ஓய்வு பெறும் வரை அந்த இரண்டு மைகளையும் நான் மாற்றவில்லை. இன்றும் குழம்பில் உப்புக் குறைவு என்று வாய் திறந்தால், மனைவி வாதாடுவதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கப்பாவக் கூட்டிட்டு வரணுமா?" என்று மட்டும் கேட்பாள். மாமா காலமாகிப் பல வருஷமாகிறது. ஆனாலும் ஒரு கணம் நான் வாசலைப் பார்க்கத்தான் செய்கிறேன்.