காத்து அளக்குற பெட்டிக்குக் கற்பூரம்

இன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. திருத்தணி மலைப்படியில பாதி தூரம் ஏறுனா வர்ற மண்டபத்துல ஒரு பெட்டியை மாட்டிட்டு வரணும்.

காத்துல புகையும் தூசியும் எவ்ளோன்னு அளக்குற பெட்டி. காத்து சுத்தமா இருந்தா பச்சை லைட்டு, கெட்டுப் போனா சிவப்பு. நான் படிச்சது சுற்றுச்சூழல் இன்ஜினியரிங். கம்பெனியில இன்னும் பர்மனென்ட் ஆகலை. "சாயந்திரம் வரைக்கும் ரீடிங் ஒழுங்கா வரட்டும், உன் ஆர்டர்ல கையெழுத்து போடுறேன்"னு சென்னையில இருந்து மேடம் சொல்லியிருந்தாங்க.

மாட்டினேன். பச்சை எரிஞ்சுது. அப்படியே கீழ எறங்கியிருந்தா நான் புத்திசாலி.

ஆனா மக்களே, நம்ம ஊர்ல புது மோட்டார் எறக்கினாலே பூஜை போடாம சுவிட்சைத் தொட மாட்டோம். இது என் பொழப்பு வேற. பெட்டிக்கு மூணு பட்டை விபூதி, நடுவுல குங்குமம், கீழ ஒரு எலுமிச்சம்பழம். பக்கத்துல கற்பூரக் கடை போட்டிருக்குற அக்காகிட்ட ஒரே ஒரு வில்லை வாங்கி ஏத்தி, "முருகா, பர்மனென்ட் ஆக்கிடு"ன்னு கும்பிட்டேன்.

புகையை அளக்குற பெட்டிக்கு நானே புகை போடுறேனேன்னு தோணவே இல்லை. நாலு வருஷம் படிச்ச படிப்பு அப்படி.

கீழ போய் டீ குடிச்சுட்டு வந்தா, பெட்டி முன்னாடி கூட்டம். மொட்டை போட்ட குடும்பம் ஒண்ணு கற்பூரம் ஏத்துது.

"இது இன்னா சாமிங்க?"ன்னு பின்னாடி நின்னவர் கேட்டார்.

"தெர்லீங்க. துன்னூறு கீது, பழம் கீது. சக்தி இல்லாமயா வச்சிருப்பாங்க?"

நான் ஓடிப் போய், "சாமி இல்லீங்க, மெஷினு"ன்னேன். அந்த நேரம் பார்த்து புகை ஏறி, லைட்டு சிவப்பாச்சு.

"பாவா, கண்ண தொறந்துட்டாரு பாரு"ன்னு அந்தக் குடும்பத்து அம்மா புருஷனை உலுக்கிட்டு கன்னத்துல போட்டுகிச்சு.

அவ்ளோதான், கற்பூரக் கடையில வரிசை கட்டிட்டாங்க. கற்பூரம் ஏற ஏற சிவப்பு. சிவப்பைப் பார்க்கப் பார்க்க இன்னும் கற்பூரம். என் பேச்சை ஒருத்தரும் கேக்கலை.

மேடம் வீடியோ கால்ல வந்தாங்க. "அரக்கோணம் ஜங்ஷன் பக்கத்துல மாட்டினதே பச்சையா இருக்கு. உன் மலை என்ன பத்திகிச்சா?"

"பக்தி மேடம். யாரோ பண்ணிட்டாங்க."

கடைக்கார அக்கா என் தோளுக்குப் பின்னாடி எட்டிப் பார்த்துச்சு. "தம்பிதாம்மா மொதல்ல ஏத்துனாரு. வேலை நெலைக்கணும்னு வேண்டிகினாரு. நல்ல புள்ளம்மா."

சிபாரிசாம்.

போச்சு வேலை. எங்கம்மா வேற, பையனுக்கு வேலை பர்மனென்ட்டுன்னு எங்க ஊரு பொதட்டூர்பேட்டை முழுக்க சொல்லி வச்சிருக்காங்க.

"சரி, கையெழுத்து போடுறேன்"ன்னாங்க மேடம். "ஆனா அந்தப் பெட்டிகிட்ட யாரும் கற்பூரம் ஏத்தாம தெனமும் நீயே உக்காந்து பார்த்துக்கணும்."

விபூதியைக் கையாலயே துடைச்சேன். பழத்தை எடுத்துப் பைல போட்டேன். பெட்டிக்குக் கீழ சப்பணம் போட்டு உக்காந்தேன்.

அஞ்சு நிமிஷம் ஆகலை. ஒருத்தர் கைக்குழந்தையோட வந்து என் முன்னாடி குனிஞ்சார். "சாமி, புள்ளைக்குத் துன்னூறு வச்சி வுடுங்க."

துடைச்ச கையில ஒட்டியிருந்ததை வச்சு விட்டேன்.

வேலை பர்மனென்ட் ஆயிடுச்சுன்னு வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். என்ன வேலைன்னு இன்னும் யாரும் கேக்கலை.